மேல்மட்டத்துக்கு ஒரு மீன்

அந்த வருஷம் எனக்குக் கட்டிலை விட்டு இறங்கத் தடை. என் மாமனாருக்கு வயலில் இறங்கத் தடை. எனக்குத் தடை போட்டது கும்பகோணத்து டாக்டரம்மா, அவருக்குப் போட்டது கோர்ட். காலில் சக்கரம் கட்டிய இரண்டு பேரைக் கொண்டுவந்து திருவிடைமருதூரில் ஒரு வாடகை வீட்டுக்குள் அடைத்துவிட்டு, என் கணவர் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விடுவார்.

எனக்கு அதற்கு முன் இரண்டு தடவை, ஐந்தாம் மாதத்தில், தங்காமல் போயிருந்தது. மூன்றாவது உண்டானபோது டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டார். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். தலை தாழ, கால் உயரப் படுக்க வேண்டும், பிரசவம் வரை. "பாத்ரூமுக்குக்கூட எறங்கக் கூடாது. அவசரத்துல ஒரு தடவை குதிச்சு எறங்கினாலும் போச்சு, அப்புறம் எங்கிட்ட வந்து அழாதே" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியதே கிடையாது. பேசாமல் படுத்திரு என்று யாராவது சொன்னால் எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறும். நாள் முழுக்க ஏறிக்கொண்டேதான் இருந்தது. காலையும் மாலையும் வந்து என்னைத் துடைத்துவிட்டு, துணி மாற்றிப் போகும் பக்கத்துத் தெரு அக்காவிடம் எரிந்து விழுவேன். அவளோ, "வயித்துல இருக்கறது பொண்ணுதான், இப்பவே இந்தச் சண்ட போடுது" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

மீன் தொட்டி வந்தது அதனால்தான். கணவரின் ஆபீஸில் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டில் வைத்தார். அடியில் கண்ணாடியை நக்கிக்கொண்டு கிடக்கும் ஒரு மீன், நடுவில் கறுப்புப் பாவாடை கட்டியது போல நாலைந்து மீன்கள். அந்தக் கறுப்பு மீன்களுக்கு மீன் விற்ற கடைக்காரர் சொன்ன இங்கிலீஷ் பெயரின் அர்த்தம் 'கறுப்பு விதவை' என்று என் அம்மாவிடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். அம்மா அன்றைக்கு முழுக்க மாப்பிள்ளையோடு பேசவில்லை.

அம்மா ஆனி வரைதான் இருந்தாள். பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில் பம்புசெட் தண்ணீர். நடவு வந்துவிட்டால் அவள் இல்லாமல் அங்கே ஒன்றும் ஓடாது. கிளம்பும்போது தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வச்சதுதான் வச்சீங்க, ஒழுங்காப் பாத்துக்குங்க. வயித்துப்புள்ளக்காரி இருக்கற வீட்ல வளக்கிற உசுரு ஒண்ணு சாகக் கூடாதுடி." நான் அறிவியல் டீச்சர், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று முதல் விடிந்து கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது மீன்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்றுதான்.

அம்மா போன கையோடு மாமா வந்தார். கீழ்வேளூருக்குக் கிழக்கே கடைமடையில் ஒரு கிராமம். மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர், ஊர் ஊராகக் குடித்து மிச்சமானது, கடைசியாக வந்து சேரும் இடம். மாமா சின்ன வயதில் மிராசுதார் ஒருவரிடம் பண்ணையாளாக இருந்தவர். பிறகு சங்கம், கொடி, அடிதடி, குத்தகைச் சட்டம் என்று என்னென்னவோ நடந்து, அதே மிராசுதாரின் நிலத்தில் கொஞ்சத்துக்குக் குத்தகைக்காரர் ஆனார். மிராசுதார் செத்தபின் அவர் மகன் நிலத்தை இறால் பண்ணைக்காரர்களுக்கு விடப் பார்த்தான். இவர் குத்தகைக்காரரே இல்லை, கூலியாள்தான் என்று கேஸ் போட்டான். தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்றது கோர்ட். ஆட்சி மாறி, ஊர்ச் சுவர்களில் ஒரு சின்னத்தை வெள்ளையடித்து அதன்மேல் இன்னொரு சின்னம் வரைந்து முடித்திருந்த சமயம். "செவுத்துல மாறுது. நம்ம கேசுல வாய்தா தேதி மட்டுந்தாம்மா மாறுது" என்பார் மாமா.

என் மாமியார், அவரை நான் 'அத்தை' என்று கூப்பிடக் கொடுத்து வைக்கவில்லை, எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனார். அதனால் எனக்குத் துணைக்கு மாமாதான். துணையா அது? வாசலுக்கும் கொல்லைக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டே இருப்பார். படுத்திருக்கிற நான் அவர் நடையைக் காதால் கேட்டுக்கொண்டே இருப்பேன். எழுந்து நடக்க முடிகிறதே அந்த மனுஷனால் என்று பொறாமையாக இருக்கும். நடந்து நடந்து அவரும் எங்கும் போய்ச் சேர முடியவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தலையைத் தாழ்த்திப் படுத்துப் பார்த்தால் தொட்டியில் ஒன்று தெரியும். தண்ணீரின் மேல்மட்டம் கீழேயிருந்து பார்க்க ரசம் பூசிய கண்ணாடி போல மின்னும். என் கண் நேராகப் போய் நிற்கிற இடம் அதுதான். அந்த இடம் எப்போதும் காலி. கறுப்புப் பாவாடைக்காரிகள் நடுவைத் தாண்டி மேலே வருவதே இல்லை, சாப்பாடு போட்டால் ஒழிய. எந்நேரமும் ஒரு காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க என்னால் முடியவில்லை. மேல்மட்டத்துக்கு மீன் வேண்டும் என்று கணவரிடம் சண்டை பிடித்தேன்.

அவர் முதலில் வாங்கி வந்தது கப்பி. தோகை மாதிரி வால், வண்ண வண்ணமாய். அழகுதான். ஆனால் கறுப்புப் பாவாடைக்காரிகளுக்கு நீள வாலைக் கண்டால் ஆகாது. சாயங்காலத்துக்குள் வாலை எல்லாம் கடித்துக் குதறி, கப்பிகள் அரைவால் கால்வாலோடு மூலையில் ஒண்டின. ஒன்று செத்துவிட்டால் என்ன ஆகும்? ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுத் தொட்டியில் விடச் சொன்னேன்.

இரண்டாவது, பெயர் தெரியாத வெள்ளி மீன். கடைக்காரர் தன் தொட்டியில் காட்டி, "பாருங்க சார், எல்லாம் மேலயே நிக்குது" என்றாராம். வீட்டுக்கு வந்த பையைப் பார்த்ததுமே நான் கத்தினேன்.

"ஏங்க, இது மேல நிக்கிற மீன் இல்ல. மூச்சு முட்டி மேல வந்து நிக்குது. கடைல கரெண்ட் இருந்துதா?"

அவர் யோசித்து, "இல்ல... மெழுகுவத்தி வெளிச்சத்துலதான் புடிச்சுக் குடுத்தாரு" என்றார்.

காற்றுக் குழாய் நின்றுபோனால் எந்த மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதுவே ஊர் என்று வாழ்கிற மீன் வேறு. அதற்கு முதுகு தட்டையாக இருக்கும், வாய் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். தண்ணீர்மேல் விழுகிற பூச்சியை அண்ணாந்து பிடிக்கிற வாய். பாடம் நடத்தும் குரலில் இதைச் சொன்னேன். அவர் நல்ல பையனாகத் தலையாட்டிவிட்டு, மறுநாள் அந்தப் பையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிக்கோடு போட்ட சின்ன மீன்களோடு வந்தார். வாய் மேல்நோக்கித்தான் இருந்தது. ஆனால் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டம், ஓயாத ஓட்டம். மாமா வாசலுக்கும் கொல்லைக்கும், இதுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. அவையும் பக்கத்து வீட்டுக்கே போயின. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்த ஆடியில் நல்ல அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமா கேட்டார்: "ஏம்மா, நம்ம வாய்க்கால்ல நெத்தில வெள்ளிப் பொட்டு வச்ச மாதிரி ஒரு மீனு மேலாப்புலயே திரியுமே. புடிச்சாரட்டா?"

"அதுக்கு வாய் பெருசு மாமா. குட்டி மீனையெல்லாம் முழுங்கிடும்."

"முழுங்கும்தான்" என்று ஒத்துக்கொண்டார். "சின்னதா பொறந்தா எங்கயும் முழுங்கத்தான் செய்யிறானுவ."

கடைசியில் நான் கணவருக்கு மனப்பாடம் செய்வித்து அனுப்பினேன். முதுகு தட்டை, வாய் மேலே, உருவம் கட்டைவிரலுக்கு மேல் கூடாது, வால் நீளம் கூடாது, கடிக்கக் கூடாது, ஓடக் கூடாது. "இத்தனையும் பாத்தா நமக்குக் கல்யாணமே நடந்துருக்காது" என்று முனகிக்கொண்டு போனார். மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் பிளாஸ்டிக் பையில் வந்து இறங்கிய மீன்களில் அப்படி ஒன்று இருந்தது. கோடாலி மீன் என்றார் கடைக்காரர். முதுகு அளவெடுத்து வெட்டியது போல நேர்க்கோடு, வயிறு கோடாலி அலகு போலப் புடைத்திருக்கும். ஆறு வந்தன. தொட்டியில் விட்டதும் தண்ணீரின் மேல்தோலுக்கு அடியில் வந்து வரிசையாக நின்றன. நின்றன என்றால் நின்றனதான். அன்று மத்தியானம் அவற்றைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன். வெகுநாள் கழித்து வந்த நல்ல தூக்கம்.

அவற்றுக்கு ஒரே ஒரு கெட்ட குணம். மிரண்டால் குதிக்கும். பறந்து போகிற மாதிரியே குதிக்கும். அதனால் தண்ணீர் நாலு விரற்கடை குறைவாக இருக்க வேண்டும், மேலே கண்ணாடி மூடி இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். கணவர் மூடி வெட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர்தான் நிற்கவில்லை, அதாவது குறைவாக நிற்கவில்லை. மாமா விடவில்லை. தொட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு சொம்பு ஊற்றுவார். நான் திட்டினால் அக்கா வந்து மொண்டு எடுப்பாள். மறுநாள் மறுபடியும் ஊற்றுவார்.

"கொறையா நிக்குதேம்மா."

"அப்படித்தான் மாமா இருக்கணும். நெறைஞ்சா குதிச்சிடும்."

"தண்ணி வத்துனாத்தான் மீனு குதிக்கும். நெறைஞ்சா எதுக்குக் குதிக்குது?"

மாமா கடைமடைக்காரர். அவர் ஊரில் வாய்க்கால் வற்றும்போது சேற்றில் மீன் துள்ளும். நிறைந்திருப்பதில் ஆபத்து உண்டு என்றால் அவருக்கு எப்படிப் புரியும்? "இது வேற ஜாதி மீன் மாமா" என்றேன். "அதுலயும் வந்துட்டுதா?" என்றார்.

ஆடி பாதி ஆனபோது ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னான்: மிராசு தரப்பு மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வரப்போரம் நிறுத்தியிருக்கிறதாம், உள்ளே இறக்கவில்லை, சும்மா நிறுத்தியிருக்கிறதாம். ஆத்திரத்தில் இவரை வயலுக்குள் இறங்க வைக்கத்தான் அது. இறங்கினால் தடையை மீறினார் என்று கேஸ் கவிழ்ந்துவிடும். மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துண்டை உதறித் தோளில் போடுவார், எடுப்பார், மறுபடி போடுவார். "போகாதீங்க மாமா" என்று நான் படுத்தபடியே சொல்வேன். "போவலம்மா, போவல" என்பார், வாசலில் நின்றுகொண்டு.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. எங்கள் பக்கம் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. தெருவே ஆற்றுக்குப் போய்விட்டது. அக்கா விடியற்காலையிலேயே வந்து எனக்கு வேண்டியதைச் செய்து, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு அவளும் ஓடினாள். கணவருக்கு டியூட்டி. அப்போது மாமா வந்தார், தோளில் பித்தளைக் குடத்தோடு. வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. குடம் நிறையச் செங்காவி நிறத்தில் காவிரித் தண்ணீர்.

"மாசமா இருக்கறவ இன்னிக்கு ஆத்தப் பாக்காம இருக்கக் கூடாதும்மா. நீதான் போவ முடியாது. ஆத்த ஒன்கிட்ட கொண்டாந்துட்டேன்" என்றார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத சந்தோஷம். தொட்டியின் மூடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். ஒரு பூவைப் போட்டார். சூடம் கொளுத்திக் காட்டினார். குடத்தைச் சாய்த்தார்.

"போதும் மாமா. போதும்! மீன்..."

"நுங்கும் நுரையுமா வரட்டும்மா, இன்னிக்கு நிறுத்தக் கூடாது" என்று விளிம்பு தட்ட ஊற்றினார். தொட்டி கலங்கிச் சிவந்தது. மீன் ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டார். எதை என்று கேட்கத் தேவையில்லை. பிறகு மிச்சப் பூவையும் தட்டையும் எடுத்துக்கொண்டு, ஆற்றில் விட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். மூடியைப் போடவில்லை. நான் கூப்பிட்டதும் அவர் காதில் விழவில்லை. வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில், ஒரு பொத்தான் தெறித்து விழுவது போல, சிமெண்டுத் தரையில் ஒரு சின்னச் சத்தம்.

கோடாலி மீன் ஒன்று தரையில் துள்ளிக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன். எட்டவில்லை. தலைமாட்டில் இருந்த விசிறியால் இழுத்துப் பார்த்தேன். விசிறி பட்டு அது இன்னும் தள்ளிப் போனது. "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினேன். தெருவில் நாய்கூட இல்லை. இன்னொரு தடவை கத்தினேன், அடிவயிறு இழுத்துப் பிடித்தது, நிறுத்திக்கொண்டேன்.

இறங்கினால் இரண்டு எட்டு. குனிந்து எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து படுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒரு உயிர் சாகக் கூடாது என்று அம்மா சொன்னது காதுக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது. நம்பிக்கை இல்லை இல்லை என்று சொன்ன நான், அந்த நேரத்தில் அதை முழுக்க நம்பினேன். அந்த மீன் செத்தால் என் பிள்ளை செத்தது. இறங்கினாலும் என் பிள்ளை செத்தது. ஒரு கால் கட்டில் விளிம்பு வரை தானாகப் போய்விட்டது. பிடிவாதக்காரி நான், சொன்ன பேச்சு கேட்டுப் பழக்கமில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் காலைத் திரும்ப மேலே இழுத்தேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் திட்டினேன். அது துள்ளி, கிடந்து, மறுபடி துள்ளி, செவுள் மட்டும் திறந்து மூடி, அதுவும் நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஓவென்று அழவும் பயம். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மாமா வந்தபோது தரையைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"எறங்கினியாம்மா?"

"இல்ல மாமா."

"ஒரு காலயாச்சும் கீழ வச்சியா?"

"வைக்கல. செத்துப்போச்சு மாமா. வீட்ல ஒரு உசுரு போயிடுச்சு. அம்மா சொன்னாங்க..."

"போவட்டும்" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒங்க அத்த நாலு புள்ளய வயல்லயே வுட்டாம்மா. நடவுல குனிஞ்சவாக்குல போவும். கரையேறித் துணிய மாத்திக்கிட்டு மறுபடி எறங்கணும். வரலன்னா பண்ணைலேர்ந்து வாசலுக்கு ஆளு வந்துடும். எறங்காதடின்னு சொல்ல அவளுக்கு ஒரு நாதி இல்ல. நானே சொல்லல. சொன்னா அன்னிக்கு ஒல வைக்க முடியாது. அஞ்சாவதுதான் ஒம் புருசன். அந்த வருசம் பெருவெள்ளம், வயலெல்லாம் முழுவி வேலயே கெடயாது. பட்டினி கெடந்தோம். ஆனா அவ படுத்துக் கெடந்தா. அதனால தங்குச்சு."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அத்தனை மாதமாக ஜெயில் ஜெயில் என்று நான் திட்டிக்கொண்டிருந்த கட்டிலின் சட்டத்தை என் கை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மாமா எழுந்து மீனை வெற்றிலையில் எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை. கேஸ் இன்னும் சில வருஷம் இழுத்தது. தீர்ப்பு வரும்வரை அவர் அந்த வரப்பைத் தாண்டவில்லை.

கார்த்திகையில், மாதம் குறையாமல், மகள் பிறந்தாள். பெரியாஸ்பத்திரி. பிரசவ வார்டில் இடமில்லை. குழந்தை பெற்றவர்கள் பாதிப் பேர் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். நர்ஸ் வெளியே வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் மாமா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனாராம். ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. "எம் மருமவளுக்குக் கட்டிலு குடுத்துருக்கீங்களாம்மா?" என்றுதான் கேட்டாராம்.